தட்டணு இரண்டரை லட்சம் இருந்தும் ரத்தம் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: எங்களுக்குப் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். தக்காளி விவசாயம். மகளுக்கு 13 வயது. சின்ன வயதிலிருந்தே அடிக்கடி சில்லுமூக்கு உடையும். அண்ணாந்து படுக்க வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றுவோம். பல் தேய்த்தால் எச்சிலோடு ரத்தம் வரும். எங்கே இடித்துக்கொண்டாள் என்றே தெரியாது, தொடையில் நீலம் பாய்ந்திருக்கும். நான்கு மாதம் முன்பு வயதுக்கு வந்தாள். முதல் தடவையே பன்னிரண்டு நாள் நிற்கவில்லை, போன மாதமும் அப்படியே. ரத்தம் 7.2 கிராம்தான் இருக்கிறதாம். ஆனால் தட்டணு (பிளேட்லெட்) 2,48,000 இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பப்பாளி இலைச் சாறு கொடுத்தோம். வயிற்று வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறேன். என் கணவர் எனக்குச் சொந்தத் தாய்மாமன், அதனால் வந்ததா? எங்கள் ஆயாவுக்கும் கையெல்லாம் நீலத் திட்டு, பரம்பரை வியாதியா? தட்டணு ஏற்றினால் சரியாகுமா? கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கச் சொல்லியிருக்கிறார்கள், பிடுங்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பல்லை இப்போது பிடுங்க வேண்டாம். மற்றதை அப்புறம் பேசலாம், இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்னொன்று, வயிற்று வலிக்குக் கொடுக்கும் மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மெஃபெனாமிக் அமிலம் என்று போட்டிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். மாதவிலக்கு வலிக்கு நம் ஊர் மெடிக்கலில் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் அதுதான். மற்றப் பெண்களுக்கு அது நல்ல மாத்திரை, ரத்தப்போக்கைக்கூடக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் ரத்தம் உறைவதில் குறை இருக்கலாம் என்று சந்தேகப்படும் பிள்ளைக்கு அது ஆகாது. ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக், இபுபுரோஃபென் மூன்றும் அதே கணக்கு. வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தட்டணு இரண்டரை லட்சம் இருக்கிறது, அது சரியான எண்ணிக்கைதான். ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்கலாம். டெங்கு வந்த பிறகு நம் மாவட்டத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூட 'பிளேட்லெட் எவ்வளவு?' என்று கேட்கத் தெரிந்துவிட்டது. 'அது ஒட்டுகிறதா?' என்று கேட்க மட்டும் ஆள் இல்லை. உங்கள் மகள் விஷயத்தில் கேட்க வேண்டியது இரண்டாவது கேள்வியைத்தான்.

எண்ணுகிற இயந்திரத்துக்குப் போகும் ரத்தத்தை ஊதா மூடி போட்ட குழாயில் எடுப்பார்கள், கவனித்திருப்பீர்கள். அந்தக் குழாயின் உள்ளே ஈடிடிஏ என்ற ஒரு பொருள் பூசியிருக்கும். ரத்தத்தில் உள்ள கால்சியத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். கால்சியம் இல்லாமல் தட்டணு ஒன்றோடொன்று சேராது, ரத்தமும் உறையாது. ஆக, ஒட்டவே விடாமல் செய்துவிட்டுத்தான் எண்ணுகிறார்கள். எண்ணுவதற்கு அதுதான் சரியான முறை. ஆனால் அந்தத் தாளைப் பார்த்து ஒட்டும் திறனைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல முடியாது.

ஒட்டுவது என்றால் எதில்? ஒகேனக்கல் போயிருப்பீர்கள், பரிசலை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டணுவும் ஏறக்குறைய அதே வடிவம், வட்டமாக, தட்டையாக. குறுக்களவு இரண்டு மூன்று மைக்ரான்தான். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஒரு ராட்சத செல்லிலிருந்து துண்டு துண்டாகப் பிரிந்து வருபவை இவை, உட்கரு கிடையாது. ஏழு முதல் பத்து நாள் மிதந்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிடும். அத்தனை நாளும் பெரும்பாலானவற்றுக்கு ஒரு வேலையும் வராது. ரத்தக் குழாயின் உள்பக்கம் வழவழப்பான செல் வரிசை, அதில் எந்தப் பரிசலும் ஒட்டாது.

அந்த வரிசை கிழிந்தால்தான் வேலை. கிழிசலுக்கு அடியில், செல்களுக்கு வெளியே, அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு புரதப் பின்னல் இருக்கிறது. மேட்ரிக்ஸ் என்கிறோம். அதில் முக்கியமானது கொலாஜன். ஆட்டுக்கால் சூப்பை ராத்திரி மூடி வைத்துவிட்டுக் காலையில் திறந்தால் கெட்டியாக ஆடும் அல்லவா, அது வெந்து கரைந்து ஆறிய கொலாஜன். வேகாத கொலாஜன் மூன்று இழையை முறுக்கிய கயிறு மாதிரி, சாமானியமாக அறுபடாது. அதோடு லாமினின், ஃபைப்ரோனெக்டின் என்று வேறு சில புரதங்களும் உண்டு. ஓடுகிற ரத்தத்தின் கண்ணில் இவை படுவதே இல்லை. பட்டுவிட்டால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது என்று தட்டணுவுக்குத் தெரிந்துவிடும்.

தெரிந்தால் போதுமா, நிற்க வேண்டுமே! தண்ணீர் நிதானமாகப் போகிற இடத்தில் பரிசல்காரர் கரைப் பாறையைக் கையாலேயே பிடித்து நிறுத்திவிடுவார். அருவிக்குக் கிட்டத்தில் அது நடக்காது, கரையிலிருந்து யாராவது கயிறு போட வேண்டும். ரத்தமும் அப்படித்தான். மெதுவாக ஓடும் பெரிய சிரைகளில் தட்டணு நேராகவே கொலாஜனைப் பிடிக்கும். சின்னத் தமனிகளில் ஓட்டம் வேகம். அங்கே கயிறு போடுவது வான் வில்லிபிராண்ட் காரணி என்ற நீளமான புரதம். சாதாரணமாக ரத்தத்தில் அது நூல்கண்டு மாதிரிச் சுருண்டு மிதக்கும். கொலாஜன் தெரிந்ததும் ஒரு பக்கம் அதில் ஒட்டிக்கொள்ளும். ஓட்டம் இழுக்க இழுக்கக் கண்டு பிரிந்து நீளும், உள்ளே மறைந்திருந்த பிடிகள் வெளியே வரும். இதில் எனக்கு இன்றைக்கும் தீராத ஆச்சரியம் ஒன்று உண்டு. எந்த வேகம் தட்டணுவை அடித்துக்கொண்டு போகப் பார்க்கிறதோ, அதே வேகம்தான் கயிற்றையும் அவிழ்த்துக் கொடுக்கிறது.

அந்தக் கயிற்றைப் பிடிக்கத் தட்டணுவின் மேல் 1பி என்ற ஏற்பி, அதாவது கொக்கி மாதிரி ஒரு புரதம், இருக்கிறது. அந்தப் பிடி கொஞ்சம் தளர்ந்த பிடி; பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். தட்டணு சுவரோரமாக உருண்டபடியே வேகம் குறையும். அதற்குள் 6 என்ற இன்னொரு ஏற்பி கொலாஜனைத் தொட்டுவிடும். அது பிடிப்பதற்காக இருப்பதல்ல, செய்தி சொல்வதற்கு. தொட்டதும் தட்டணுவின் உருவமே மாறிப்போகும், வட்டப் பரிசலிலிருந்து நாலா பக்கமும் கைகள் முளைக்கும். உள்ளே பொட்டலம் கட்டி வைத்திருந்ததை எல்லாம் கொட்டி, போகிற வருகிற தட்டணுக்களையும் கூப்பிடும். கடைசியாக 2பி/3ஏ. இது ஒவ்வொரு தட்டணு மேலும் ஐம்பதாயிரத்துக்கு மேல் இருக்கிறது, அதுவரை குனிந்த தலையோடு. செய்தி வந்ததும் நிமிர்ந்து, ரத்தத்தில் மிதக்கும் ஃபைப்ரினோஜென் என்ற புரதத்தைப் பிடிக்கும். ஃபைப்ரினோஜெனுக்கு இரண்டு முனையிலும் ஒரே மாதிரிப் பிடி இருப்பதால் ஒரு முனையை இந்தத் தட்டணுவும் மறுமுனையை அடுத்த தட்டணுவும் பிடித்துக்கொள்ளும். பரிசலோடு பரிசலைச் சேர்த்துக் கட்டியாயிற்று, அடைப்பு தயார்.

2பி/3ஏ பற்றி ஒரு பக்கக் கதை, விட மனமில்லை. நம் பக்கத்துக் காய்ந்த காட்டில் சுருட்டை விரியன் உண்டு. அதன் விஷத்தில் இருக்கும் எகிஸ்டாட்டின் என்ற சின்னப் புரதம் நேராகப் போய் இந்தப் பிடியில்தான் அடைத்துக்கொள்ளும். அதன் அமைப்பைப் பார்த்துச் செய்ததுதான் டைரோஃபைபன் என்ற ஊசி. மாரடைப்பில், தட்டணு வேண்டாத இடத்தில் கட்டியாகிவிடும்போது அதைத் தடுக்கப் போடுகிறோம். சில பிள்ளைகள் அந்தப் பிடி இல்லாமலேயே பிறக்கிறார்கள்.

இப்போது உங்கள் மகளிடம் வருவோம். சில்லுமூக்கு, ஈறு, நீலத் திட்டு, நிற்காத மாதவிலக்கு. எல்லாமே தோலிலும் ஈரச் சவ்விலும் வரும் கசிவு. மூட்டு வீங்குகிறது என்று நீங்கள் எழுதவில்லை. மூட்டிலும் தசையிலும் ரத்தம் கட்டுவது ஹீமோஃபிலியா என்ற ரத்தம் உறையாத நோயின் குணம். இந்தக் கசிவு ஒட்டுவதில் வரும் குறையின் குணம். கயிறு குறைவாக இருக்கலாம், அல்லது கயிறு இருந்தும் பிடி இல்லாமல் இருக்கலாம். எது என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

கயிறு குறைவதுதான் அதிகம் பார்ப்பது. அதற்கு வான் வில்லிபிராண்ட் நோய் என்று பெயர். பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட் ஆலந்து தீவுகளைச் சேர்ந்த ஒரு குடும்பத்தைப் பார்த்து 1926இல் எழுதியதால் வந்த பெயர். அவர் முதலில் பார்த்தது ஐந்து வயதுச் சிறுமி. தட்டணு எண்ணிக்கை சரியாக இருக்கிறது, ஆனால் ரத்தம் நிற்க நேரமாகிறது; அவருக்கும் உங்களுக்கு வந்த அதே குழப்பம்தான் வந்தது. அந்தப் பெண் பதின்மூன்று வயதில், நான்காவது மாதவிலக்கில் இறந்துபோனாள். பயமுறுத்த இதை எழுதவில்லை. அன்றைக்கு அவளுக்குக் கொடுக்க மருந்து இல்லை, இன்றைக்கு இருக்கிறது. ஆனால் 'வயதுக்கு வந்த புதிதில் அப்படித்தான் இருக்கும்' என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள்.

பிடி இல்லாதது அபூர்வம். 2பி/3ஏ இல்லையென்றால் கிளான்ஸ்மன் நோய். சுவிட்சர்லாந்துக் குழந்தை மருத்துவர் ஒருவர் 1918இல் எழுதியது. 1பி இல்லையென்றால் பெர்னார்ட்-சூலியே நோய். பாரிஸில் 1948இல் கண்டது. இரண்டாவதில் தட்டணு பெரிது பெரிதாகவும் எண்ணிக்கை குறைந்தும் இருக்கும், அதனால் உங்கள் மகளுக்கு அது பொருந்தவில்லை. கிளான்ஸ்மனில் எண்ணிக்கையும் அளவும் சரியாகவே இருக்கும்.

அதைச் சந்தேகிக்கப் பெரிய கருவி வேண்டாம். விரல் நுனியில் குத்தி, எந்த மருந்தும் கலக்காத ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் போதும். நல்ல ரத்தத்தில் தட்டணுக்கள் ஊதாப் பொடி போலக் கூட்டம் கூட்டமாக ஒட்டிக் கிடக்கும். கிளான்ஸ்மனில் அப்படி இருக்காது. களத்தில் விசிறிவிட்ட ராகி மாதிரி ஒவ்வொன்றும் தனித்தனியே கிடக்கும். படிக்கிற காலத்தில் அப்படி ஒரு தகட்டை முதல் தடவை பார்த்தபோது, சாயம் சரியாகப் போடவில்லை என்று நினைத்து நானே மறுபடியும் போட்டேன். இரண்டாவது தகட்டிலும் ஒன்றோடொன்று ஒட்டாமல்தான் கிடந்தன.

முடிவாகச் சொல்வது இன்னொரு பரிசோதனை. ரத்தத்தை இயந்திரத்தில் மெதுவாகச் சுற்றினால் தட்டணு மிதக்கும் பிளாஸ்மா என்ற ரத்த நீர் மேலே நிற்கும், நீர்மோர் போலக் கலங்கலாக. அதன் வழியே வெளிச்சத்தைப் பாய்ச்சிக்கொண்டு கொலாஜனையோ வேறு தூண்டும் பொருளையோ ஒரு துளி விடுவார்கள். தட்டணுக்கள் கட்டிக் கட்டியாகச் சேரும், கலங்கல் தெளியும், வெளிச்சம் கூடுதலாகப் போகும், அதைக் காட்டும் வரைபடத்தில் கோடு மேலே ஏறும். லண்டனில் குஸ்தாவ் போர்ன் 1962இல் சொன்ன முறை, இன்றும் அதுதான். கிளான்ஸ்மனில் எதைப் போட்டாலும் கோடு அசையாது, ரிஸ்டோசெடின் ஒன்றுக்கு மட்டும் ஏறும். தட்டணுவை ஒட்ட வைத்துத் தொல்லை கொடுத்ததால் மருந்துக் கடையிலிருந்து எடுக்கப்பட்ட ஓர் ஆன்டிபயாடிக் இந்த ரிஸ்டோசெடின். அந்தத் தொல்லையே பரிசோதனைச் சாலையில் அதற்கு வேலை வாங்கிக் கொடுத்துவிட்டது. கயிறு அடியோடு இல்லாத பிள்ளைக்கு இது தலைகீழாக இருக்கும், மற்றதற்கெல்லாம் கோடு ஏறும், ரிஸ்டோசெடினுக்கு ஏறாது. வேறு யாருடைய நல்ல பிளாஸ்மாவையாவது கொஞ்சம் கலந்தால் அதற்கும் ஏறிவிடும், ஏனென்றால் கயிறு பிளாஸ்மாவில்தான் இருக்கிறது.

இந்தப் பரிசோதனையை ரத்தம் எடுத்து நான்கு மணி நேரத்துக்குள் செய்தாக வேண்டும். அதனால் ஊரில் ரத்தம் எடுத்து பஸ்ஸில் கொடுத்து அனுப்பும் வேலை ஆகாது, பிள்ளையையே அழைத்துப் போக வேண்டும். ஐஸில் வைத்து அனுப்புவது இன்னும் மோசம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். வான் வில்லிபிராண்ட் அளவு பார்க்க ஒரு பெண்ணின் ரத்தத்தை, பிளாஸ்மாவைப் பிரிக்காமல், ஐஸ் பெட்டியில் வைத்து வெளியூருக்கு அனுப்பினேன். மிகக் குறைவு என்று ரிப்போர்ட் வந்தது. நோய் என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த வருடம் அவளை நேரில் அனுப்பிப் பார்த்தபோது அளவு முழுக்கச் சரியாக இருந்தது. குளிரில் அந்தக் காரணி குறைந்துபோகும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அந்த ஒரு வருடத்தில் தள்ளிப்போன அவளுடைய நிச்சயதார்த்தத்துக்கு நான்தான் பொறுப்பு.

எனவே முதலில் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். விரல் குத்தித் தகடு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டாம். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு வேலூர் சிஎம்சியின் ரத்தவியல் பிரிவுக்குப் போகலாம், கிருஷ்ணகிரி போய் பஸ் மாறினால் போதும். பெங்களூர்தான் வசதி என்றால் பாலக்கோட்டிலேயே ரயில் ஏறலாம். போவதற்குப் பத்து நாள் முன்பிருந்து நான் மேலே சொன்ன வலி மாத்திரை எதுவும் உள்ளே போயிருக்கக் கூடாது. காய்ச்சல் இருந்தாலோ, ஊசியைப் பார்த்து அழுது ஆர்ப்பாட்டம் செய்தாலோ வான் வில்லிபிராண்ட் அளவு தற்காலிகமாக ஏறிவிடும். 'ஓ' வகை ரத்தக்காரர்களுக்குப் பிறவியிலேயே அது கொஞ்சம் குறைவு. அதனால் ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு கட்ட மாட்டார்கள். திரும்ப வரச் சொன்னால் அலுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆயாவை விட்டுவிடலாம். வயதானவர்களுக்கு முன்கையில் வரும் திட்டு தட்டணுவின் குற்றம் அல்ல. வெயிலிலும் வயதிலும் தோலுக்கடியில் இருக்கும் கொலாஜன் மெலிந்துபோகும், சின்னக் குழாய்களுக்குத் தாங்கல் இல்லாமல் லேசாக இடித்தாலும் கசியும். கயிறும் பரிசலும் நன்றாகத்தான் இருக்கின்றன, கரைதான் கரைந்துபோயிருக்கிறது. அவருக்கு வைத்தியம் தேவையில்லை.

தாய்மாமன் கல்யாணம் பற்றிக் கேட்டீர்கள். மறைக்காமல் சொல்கிறேன். வான் வில்லிபிராண்ட் நோயின் சாதாரண வகைக்குச் சொந்தம், அசல் என்ற பேதம் இல்லை, ஒரு பெற்றோரிடமிருந்தே வரலாம். கிளான்ஸ்மனும், வான் வில்லிபிராண்டின் கடுமையான வகையும் அப்படி அல்ல. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஆளுக்கொரு பழுதான மரபணுப் பிரதி வந்தால்தான் நோய். அந்தப் பிரதியைச் சுமப்பவர்களுக்குத் தொந்தரவு அவ்வளவாகத் தெரியாது. ஒரே குடும்பத்து ரத்தம் இரண்டு பக்கமும் இருந்தால் அப்படி இரண்டு பிரதி சந்திக்க வாய்ப்பு கூடும், சந்தித்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு. அதற்காக நீங்களும் உங்கள் கணவரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்ல இதில் எதுவும் இல்லை. இந்த இரண்டில் ஒன்று என்று உறுதியானால், மகளுக்கு வரன் பார்க்கும்போது சொந்தத்துக்குள் வேண்டாம். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களையும் ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள்.

தட்டணு ஏற்றுவது? காரணம் தெரியாமல் வேண்டாம். கயிறு இல்லாதவளுக்கு இன்னும் நாலு பரிசலை விட்டு என்ன செய்ய? கிளான்ஸ்மன் என்றால் உயிர் ஆபத்தான சமயத்தில் ஏற்றத்தான் வேண்டும், ஆனால் அவள் உடம்பு இதுவரை பார்த்தே இராத அந்த 2பி/3ஏயை எதிரியாக எண்ணி எதிர்ப்புப் பொருள் உண்டாக்கிவிடலாம். அப்புறம் உண்மையிலேயே தேவைப்படும் நாளில் ஏற்றினாலும் வேலை செய்யாது. பப்பாளி இலைச் சாற்றையும் நிறுத்திவிடுங்கள். குறையாத எண்ணிக்கையை எதற்குக் கூட்ட வேண்டும், கசப்புதான் மிச்சம்.

அதுவரை கைவசம் இருக்க வேண்டியது டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை. ஜப்பானில் உடாகோ ஒகாமோட்டோவும் அவர் கணவரும் 1962இல் வெளியிட்ட மருந்து. உண்டான உறைவு கரைந்துபோகாமல் அது காக்கும், எப்படியோ கட்டிய அடைப்பு நிலைக்கும். அளவை மருத்துவர் எழுதித் தர வேண்டும், சிறுநீரில் ரத்தம் வந்தால் கொடுக்கக் கூடாது. அதற்கும் நிற்காவிட்டால் மகளிர் மருத்துவர் சில மாதங்களுக்கு ஹார்மோன் மாத்திரை தருவார். 'கருத்தடை மாத்திரையைச் சின்னப் பெண்ணுக்கா?' என்று வீட்டில் பெரியவர்கள் கிளம்புவார்கள், பொருட்படுத்தாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறது, தலை சுற்றுகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

7.2 கிராமுக்கு இரும்புச்சத்து மாத்திரை கட்டாயம். களியும் கீரையும் நல்லதுதான், அவற்றால் மட்டும் இந்தப் பள்ளம் நிரம்பாது. மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு கொடுங்கள், டீயோடும் பாலோடும் வேண்டாம். இடுப்பில் ஊசி போட வந்தால் சந்தேகத்தைச் சொல்லித் தடுங்கள், சதைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும். சில்லுமூக்கு உடைந்தால் அண்ணாந்து படுக்க வைக்காதீர்கள், ரத்தம் தொண்டைக்குள் போகும். உட்கார வைத்து, முன்னால் சாயச் சொல்லி, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் நின்றுவிட்டதா என்று எடுத்துப் பார்க்கக் கூடாது, அந்த ஆசையை அடக்குவதுதான் கஷ்டம்.

காரணம் தெரிந்த பிறகு பல்லைப் பிடுங்கலாம். முதல் நாளே டிரானெக்ஸாமிக் மாத்திரை ஆரம்பித்து, ரத்தவியல் மருத்துவரும் பல் மருத்துவரும் பேசிக்கொண்டு செய்தால் சாதாரண வேலைதான். அதற்குள் வலித்தால் பாராசிட்டமால் கொடுங்கள். கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டாலும் சரி.